சொர்க்க ரதத்துக்கு ஹீட்டர் எதற்கு?

"தாயி, செத்தவங்க தட்டுவாங்களா?"

கேட்டவன் மொக்கராசு. பதில் சொல்ல வேண்டிய பவுனுத்தாய் ஒரு ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். வெளியே தெரிந்தது ரெண்டு கால் மட்டும்தான். அந்தக் காலைப் பார்த்துத்தான் அவன் கேட்டான்.

அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது.

"எங்குட்டுத் தட்டுறாங்க?"

"என் வண்டிக்குப் பின்னால."

"போறப்பவா, வர்றப்பவா?"

மொக்கராசுவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஊரில் எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டான், ஒருத்தரும் இப்படித் திருப்பிக் கேட்டதில்லை. சிரித்தார்கள். தாயத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். குடியை விடு என்றார்கள், அவன் குடித்ததே இல்லை.

"வர்றப்பதான் தாயி. போறப்ப ஒரு சத்தம் கிடையாது. இறக்கிட்டுக் காலியா வர்றப்பதான்."

"இன்ஜின் சூடு காட்டுற முள்ளு?"

"அதுவும் சட்டுன்னு மேல ஏறி நிக்கும். கொஞ்ச தூரம் வந்தா தானா இறங்கிரும். தட்டுறதும் நின்னுரும்."

"ம்."

ஸ்பேனர் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. அவ்வளவுதான் பதில்.

போடியில் பாதிப் பேருக்குப் பவுனுத்தாய் மெக்கானிக். மொக்கராசுவுக்கு மட்டும் குரு. அவனுக்கு வயசு அறுபதை எட்டிப் பார்க்கிறது, அவளுக்கு நாற்பது இருந்தாலே அதிகம். குருவுக்கு ஜாதகமா பார்க்க முடியும்? வண்டி ஓடவில்லை என்று போனாலும் அவள் வண்டியைத்தான் பார்ப்பாள். மனசு ஓடவில்லை என்று போனாலும் வண்டியைத்தான் பார்ப்பாள். மற்றவர்களுக்கு அது எரிச்சல். மொக்கராசுவுக்கு அது பிடித்துப்போய், வேலை இல்லாத நாளிலும் வந்து பழைய டயர் மேல் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அவன் ஓட்டுவது சொர்க்க ரதம். பெயர்தான் ரதம். பழைய வேன். முன்பு மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் ஆம்புலன்ஸாக ஓடியது. நோயாளி குளிரில் விறைத்துவிடக் கூடாது என்று பின்பக்கம் ஒரு ஹீட்டர் பொருத்தியிருந்தார்கள். இன்ஜினைச் சுற்றுகிற சுடுதண்ணி தரைக்கு அடியில் ஒரு குழாய் வழியாகப் பின்னால் போகும், ஹீட்டருக்குள் புகுந்து அறையைச் சூடாக்கும், இன்னொரு குழாய் வழியாக இன்ஜினுக்கே திரும்பிவிடும். எஸ்டேட் கைவிட்ட பிறகு ஊரில் ஒரு தர்ம ஸ்தாபனம் அதை வாங்கி, வெள்ளையும் பச்சையும் அடித்து, மணி கட்டி, மொக்கராசுவை ஏற்றி உட்கார வைத்தது.

ஒருநாள் ஹீட்டர் ஒழுக ஆரம்பித்தது. ஒரு பெரியவரின் காலடியில் வெந்நீர் சொட்டி, கட்டியிருந்த வேட்டி நனைந்து, சொந்தக்காரர்கள் ஆடித் தீர்த்துவிட்டார்கள். மொக்கராசுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. செத்தவனுக்கு எதுக்குடா ஹீட்டர் என்று அன்றைக்கே அதைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டான். குழாய் முனை ரெண்டையும் அவனே அடைத்தான்.

அதற்குப் பிறகுதான் தட்டல்.

அவன் சும்மா இருக்கவில்லை. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்தான். வேப்பிலை கட்டினான். குறி சொல்லும் கோடாங்கியிடம் போனான். கோடாங்கி உடுக்கையை அடித்துவிட்டு, "தாகம்ப்பா, தண்ணி கேட்குது" என்றார். மொக்கராசு பின்பக்கம் ஒரு சொம்புத் தண்ணி வைத்துப் பார்த்தான். வளைவில் சொம்பு கவிழ்ந்ததுதான் மிச்சம்.

தட்டல் மட்டும் என்றால் அவன் காதைப் பொத்திக்கொண்டு ஓட்டிவிடுவான். பயம் வேறு.

அவனுக்கு ஒரே மகள், சுருளியம்மாள். அதே ஊர்தான், மாவு மில் தெரு. அவள் முதல் தடவை உண்டாகியிருந்தபோது, மயானத்திலிருந்து நேரே அவள் வீட்டுக்குப் போய்விட்டான். பசி. தலைக்குக் கூடக் குளிக்கவில்லை. அவள் தட்டு வைத்தாள், தின்றான், வந்தான். அந்த வாரமே அவளுக்குக் கரு கலைந்துவிட்டது.

யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பான்.

இப்போது அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. குப்புற விழுந்து தலை தூக்குகிறதாம். மொக்கராசு இன்னும் பார்க்கவில்லை. மாவு மில் முனையில் வண்டியை நிறுத்துவான், பிஸ்கட்டோ பழமோ மில்காரரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவான். மகளும் லேசுப்பட்டவள் இல்லை. "எங்கப்பா வந்து காதுல பேர் சொல்லணும். அதுவரைக்கும் என் பிள்ளைக்குப் பேரே கிடையாது" என்று உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை 'ஏய் குட்டி' என்றே வளர்ந்துகொண்டிருந்தது.

ஜீப்புக்கு அடியிலிருந்து பவுனுத்தாய் வெளியே வந்தாள்.

"சாவியைக் குடுங்கண்ணே."

"எங்கே?"

"தட்டுறவங்களைப் பார்க்கத்தான்."

அவளே ஓட்டினாள். ஒரு பையில் கொஞ்சம் சாமான் எடுத்துக்கொண்டாள். மொக்கராசு பக்கத்தில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தான். தன் வண்டியை இன்னொருத்தர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது எப்பேர்ப்பட்ட கொடுமை என்று டிரைவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

போடிமெட்டுக்கு மேலே, அவன் அடிக்கடி ஆளை இறக்குகிற எஸ்டேட் மயானத்து வாசலில் அவள் வண்டியை அணைத்தாள். மதியம்தான். ஆனாலும் பஞ்சுப் பொதியைப் பிரித்துப் போட்ட மாதிரி மூடுபனி இறங்கிக் கிடந்தது. கல்லறைச் சிலுவைகளும் மண்மேடுகளும் இருக்கிற இடமே தெரியவில்லை. எங்கேயோ ஒரு ஆள் மண்வெட்டியால் வெட்டுகிற சத்தம் மட்டும் வந்தது, நின்றது, வந்தது.

"இங்கே எதுக்கு?"

"வண்டி ஆறட்டும்."

"காலி வண்டி தாயி இது. ஒரு ஆளை ஏத்தி வந்து இறக்கிட்டுப் போனாத்தானே தட்டும்?"

பவுனுத்தாய் பனிக்குள் கொஞ்ச தூரம் நடந்து போனாள். ஆள் மறைந்துபோனாள். அவள் யாரிடமோ பேசுவது போல இருந்தது. திரும்பி வந்தபோது கை நனைந்திருந்தது.

"யார்கிட்டப் பேசுன?"

"குழி வெட்டுற ஆள்கிட்ட. தண்ணி கேட்டேன், குடுத்தாரு."

மொக்கராசு காது கொடுத்துக் கேட்டான். மண்வெட்டிச் சத்தம் இப்போது இல்லை.

பவுனுத்தாய் இன்ஜின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தாள். ஆறியிருந்தது. சுற்றிப் போய் வண்டியின் பின்கதவைத் திறந்தாள்.

"படுங்க."

"என்னது?"

"உள்ளே படுங்கண்ணே."

"ஆத்தாடி! அது பொணம் படுக்குற இடம்!"

"காலியாத்தானே கிடக்கு."

"நான் முன்னாலயே உட்கார்ந்து கேட்கிறேன் தாயி."

"இவ்வளவு நாளா முன்னால உட்கார்ந்துதான் கேட்டீங்க. பின்னால கேட்குதுன்னீங்க. பின்னால படுத்துக் கேட்டா எங்கே கேட்குதுன்னு பார்ப்போம்."

மொக்கராசுவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிவிடலாமா என்று பார்த்தான். ஓடினால் எங்கே ஓடுவது, பனிக்குள்தான் ஓட வேண்டும். உள்ளே ஏறினான். ஸ்ட்ரெச்சர் தகடு சில்லிட்டுக் கிடந்தது. ஊதுபத்தி, சாம்பிராணி, பழைய மாலை எல்லாம் கலந்த வாசனை. அவன் அதை வெளியிலிருந்து முகர்ந்திருக்கிறான். உள்ளேயிருந்து முகர்ந்தால் அது வேறு மாதிரி இருந்தது.

கதவு சாத்திக்கொண்டது.

அப்போதுதான் பார்த்தான். கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. ஆம்புலன்ஸாக இருந்தபோது இருந்ததுதான். ரதமாக மாற்றியபோது யாரோ கழற்றிவிட்டிருக்கிறார்கள். உள்ளேயிருந்து யார் திறக்கப் போகிறார்கள்?

இன்ஜின் உறுமியது. மயானத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒரு செங்குத்தான ஏற்றம். வண்டி முக்கிக்கொண்டு ஏறியது. கண்ணாடியில் பெயின்ட் அடித்திருந்ததால் வெளிச்சம் மட்டும் சாம்பல் நிறத்தில் வந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

பிறகு முதுகு சூடானது.

தகட்டுக்கு அடியில் யாரோ உள்ளங்கையை விரித்து வைத்த மாதிரி, ஒரே இடத்தில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. மொக்கராசு மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

டொக்.

அவன் துள்ளி எழுந்து தலையை இடித்துக்கொண்டான்.

டொக். டொக், டொக்.

"தாயி! நிறுத்து தாயி! இருக்காங்க!"

முன்னும் பின்னும் பிரிக்கிற தடுப்பில் சின்ன ஜன்னல் ஒன்று உண்டு. அது வழியாக அவள் குரல் வந்தது.

"படுங்க."

"என்னால ஆகாது!"

"எங்கிருந்து வந்து எங்கே போகுதுன்னு கேளுங்க."

கேட்பதாவது! பல் கிட்டித்துப் போய்க் கிடக்கிறது, இதில் திசை வேறு பார்க்க வேண்டுமாம். ஆனால் குரு சொல்லிவிட்டாளே. மொக்கராசு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு காதைத் தகட்டில் வைத்தான்.

டொக்.

தட்டல் அவன் தலைமாட்டில் தொடங்கவில்லை. தொலைவில், வண்டியின் முன்பக்கத்தில், அவள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குக் கீழே தொடங்கியது. அடியில் குடுகுடுவென்று ஓடிவந்தது. அவன் முதுகுக்கு அடியில் வந்து முட்டியது. முட்டிவிட்டு நின்றது. நின்று, நடுங்கி, வந்த வழியே மெதுவாகப் பின்வாங்கியது. மறுபடி ஓடிவந்து முட்டியது.

பின்னாலிருந்து எதுவும் வரவில்லை. முன்னாலிருந்து வந்து, பின்னால் வழியில்லாமல் தவித்தது.

அவனுக்குப் பயம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் பயத்தோடு ஐயோ பாவமே என்று ஒரு நினைப்பும் சேர்ந்துகொண்டது. இத்தனை நாள் அவனுக்கு அது தோன்றியதே இல்லை.

ஏற்றம் முடிந்து ரோட்டோரம் வண்டி நின்றது. கதவு திறந்தது. அவன் விழுந்தடித்துக்கொண்டு இறங்கி, ரோட்டில் இருந்த கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

பவுனுத்தாய் வண்டிக்கு அடியில் கை காட்டினாள். குழாய் முனை ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ரெண்டிலும் மரக் கட்டை அடித்து, துணி சுற்றி, கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தது. யானை இழுத்தாலும் வராது.

"யார் வேலை?"

"நான்தான்."

"ஒண்ணை அடைச்சீங்க, சரி. அடைக்காட்டி தண்ணி வெளியே ஒழுகும். அந்த இன்னொண்ணை ஏன் இம்புட்டு வலுவா அடைச்சீங்க?"

மொக்கராசு தரையைப் பார்த்தான்.

"அது திரும்பி வர்ற குழாய் தாயி."

"ஆமா."

"இது சொர்க்க ரதம். எழவு வீட்டுல கூட 'போயிட்டு வர்றேன்'னு சொல்லாமத்தானே எந்திரிக்கிறோம்? இதுல போனது எதுவும் திரும்பக் கூடாது. அதான் அதை மட்டும் ரெட்டைக் கிளாம்ப் போட்டேன்."

இதைக் கேட்டால் வேறு எந்த மெக்கானிக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பான். பவுனுத்தாய் சிரிக்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்ஜின் குளிர்ந்து கிடக்கிறப்ப ரேடியேட்டர் பக்கம் ஒரு வால்வு சாத்தியிருக்கும்ண்ணே. நல்லா சூடேறினாத்தான் திறக்கும். அதுவரைக்கும் தண்ணிக்கு இருக்கிறது இந்த ஒரு சுத்துதான். பின்னால வந்து, திரும்பிப் போறது. ஊருக்குள்ள சமதரையில மெதுவா சூடேறும், தெரியாது; மயானத்துல ஆறிட்டு உடனே ஏத்தம் ஏறுறப்பதான் முட்டும்."

"ஹீட்டர்தான் இல்லையே. வேலை இல்லாத இடத்துக்கு அது எதுக்கு வரணும்?"

"வேலை இல்லைன்னு தண்ணிக்கு யார் சொல்றது?"



குழாய் ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அவனே சொல்ல ஆரம்பித்தான். மயானத்திலிருந்து நேரே போனது, தட்டு வைத்தது, தின்றது. கரு கலைந்தது. இப்போது பிறந்திருக்கிற பிள்ளை. சொல்லும்போது குரல் உடைந்துபோய், கல்லில் உட்கார்ந்தபடியே தேம்பித் தேம்பி அழுதான். மேலே ஏறிப் போன ஒரு ஜீப்காரன் மெதுவாக்கிப் பார்த்துவிட்டு, சொர்க்க ரதம் பக்கத்தில் ஆள் அழுவது வழக்கம்தானே என்று போய்விட்டான்.

பவுனுத்தாய் ஆறுதல் சொல்லவில்லை.

"மக வீடு எந்தத் தெரு?"

"மாவு மில் தெரு, வேப்ப மரத்து வீடு. எதுக்கு?"

"சும்மா."

அவள் எழுந்து போய்ச் சாக்கைப் போட்டு அடியில் படுத்தாள். கிளாம்பைத் தளர்த்தி, கட்டையை அசைத்து அசைத்துப் பிடுங்கினாள். குழாயிலிருந்து ஆவி நீளமாக வெளியேறியது. வெகுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சைப் போல அது முடியாமல் வந்துகொண்டே இருந்தது. பனியோடு பனியாகக் கலந்து மொக்கராசுவின் முகத்தைத் தொட்டது.

அவன் மூக்கை உறிஞ்சினான்.

"தாயி, செவந்திப் பூ வாசம் அடிக்குது."

"இன்ஜின்ல ஊத்துற கூலன்ட் இனிப்பாத்தான் வாசம் அடிக்கும்."

"நான் எங்கே கூலன்ட் ஊத்தினேன்? வெறும் பைப்புத் தண்ணிதான் ஊத்துறது."

பவுனுத்தாய் தன் விரல்களை முகர்ந்து பார்த்தாள். சாக்கில் துடைத்துக்கொண்டாள்.

பையிலிருந்து ஒரு சாண் ரப்பர் ஹோஸை எடுத்தாள். அதன் ஒரு முனையைப் போகிற குழாயிலும், மறுமுனையை வருகிற குழாயிலும் செருகி, கிளாம்ப் போட்டாள். போகிறது அப்படியே வளைந்து வருகிறதாகிவிட்டது. ஒழுகிக் குறைந்த அளவுக்குத் தண்ணி ஊற்றினாள். இதற்குத்தானா இத்தனை கூத்து என்று இருந்தது அவனுக்கு.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

மொக்கராசு அந்த வளைந்த ஹோஸையே பார்த்தான். உள்ளே பெரிய பாரம் ஒன்று இறங்கியது. இறங்கியதும் இன்னொரு ஆசை முளைத்தது. முழுசாக இறங்கிவிட வேண்டும் என்ற ஆசை.

"அப்ப, இத்தனை நாளும் பின்னால யாருமே இல்லைதானே தாயி?"

பவுனுத்தாய் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நான் எப்பண்ணே அப்படிச் சொன்னேன்?"

அவள் போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறிப் படுங்க. இறக்கத்துலயும் பார்த்துருவோம்."

இந்தத் தடவை அவன் மறுக்கவில்லை. மறுக்கத் தெம்பு இல்லை. கதவு சாத்திக்கொண்டது. வண்டி இறங்கத் தொடங்கியது.

தட்டல் இல்லை. முதுகுக்கு அடியில் ஒரே இடம் கொதிப்பதும் இல்லை. தரை முழுவதும் இளஞ்சூடாக இருந்தது. தண்ணி போய் வந்துகொண்டிருந்தது.

ஆனால் சத்தம் இல்லாமல் போனதும் வேறு ஒன்று கேட்டது. மிக அருகில், சீராக, யாரோ மூச்சு விட்டார்கள். மொக்கராசு விறைத்துப் போய்க் கிடந்தான். அவன் மூச்சை நிறுத்தினான். அதுவும் நின்றது. அவன் விட்டான். அதுவும் விட்டது.

வளைவுகள் பல கழிந்த பிறகுதான் அது தன் மூச்சு என்று அவனுக்கு உறைத்தது. கடைசியாக அதை எப்போது கேட்டான் என்று யோசித்தான். ஞாபகம் வரவில்லை.

குளிர் விட்டது. ரோடு நேரானது. லாரி ஹாரன், ஆட்டோ, கோயில் ஒலிபெருக்கி. ஊர் வந்துவிட்டது. வண்டி இடப்பக்கம் திரும்பினால் பவுனுத்தாய் பட்டறை.

வலப்பக்கம் திரும்பியது.

இது என்னடா என்று எழுந்து உட்கார்ந்தான். கடகடவென்று ஒரு சத்தம் நெருங்கியது. பெல்ட் ஓடுகிற சத்தம், மாவு பறக்கிற வாசனை. அவன் இத்தனை நாளாக நிறுத்துகிற முனை. வண்டி நிற்கும் என்று பார்த்தான்.

நிற்கவில்லை.

"தாயி! உள்ளே போகாதே! பச்சைப் பிள்ளை இருக்கிற வீடு! நிறுத்து! உன் காலைப் பிடிக்கிறேன், நிறுத்து!"

சின்ன ஜன்னலை அவள் எப்போதோ சாத்திவிட்டிருந்தாள்.

வண்டி நின்றது. இன்ஜின் அணைந்தது. முன்கதவு திறந்து மூடியது. பவுனுத்தாய் இறங்கி எங்கேயோ ஓரமாகப் போய்விட்டாள் போலிருந்தது.

ஒரு பெண் குரல், "அடியே, சொர்க்க ரதம் வந்து நிக்குது!"

"யார் வீட்டுக்குடி?"

"வேப்ப மரத்து வீட்டு முன்னால நிக்குது!"

"அது சுருளி அப்பன் ஓட்டுற வண்டியில்ல? மொக்கராசு எங்கே? வேற யாரோல்ல ஓட்டிட்டு வந்தாங்க?"

அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. தெருவில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே விஷயம் விளங்கியிருக்க வேண்டும்.

ஒரு கதவு திறந்தது. ஒரு குழந்தை சிணுங்கியது.

"அப்பா!"

அது சுருளியின் குரல். அவள் அம்மா போன அன்றைக்குக் கேட்ட அதே குரல். மொக்கராசு கதவில் கைப்பிடியைத் தேடினான். வெறும் தகடு. கத்திக் கத்திக் குரல் அடைத்துப் போயிருந்தது. ரெண்டு கையாலும் கதவில் அடித்தான்.

வெளியே அழுகை அறுந்தது.

"உள்ளே தட்டுது!"

"ஐயோ, தொடாதே சுருளி! பிள்ளையை வெச்சுக்கிட்டுக் கிட்டப் போகாதே!"

"எங்கப்பாடி உள்ளே!"

"பொணம்டி! பொணம் தட்டுமா? வேற எதுவோ வந்திருக்கு! வாடி இங்கிட்டு!"

மொக்கராசு கையை எடுத்துவிட்டான். திறக்காமல் போகட்டும். அதுதான் பிள்ளைக்கு நல்லது. அப்படியே சுருண்டு மூலையில் ஒதுங்கினான். தெரு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

செருப்பில்லாத கால் ஒன்று மண்ணில் ஓடிவரும் சத்தம் கேட்டது.

தாழ்ப்பாள் நகர்ந்தது. வெளிச்சம் முகத்தில் அடித்தது.

சுருளி நின்றாள். தலை அவிழ்ந்து கிடந்தது. இடுப்பில் பிள்ளை. பிள்ளைக்கு எதுவும் தெரியாது, கையை நீட்டி அவன் மீசையைப் பார்த்தது. சுருளி ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, அதே கையால் நெஞ்சில் ஓங்கி ஓங்கிக் குத்தினாள். குத்திவிட்டு, அங்கேயே காதை வைத்துக் கேட்டாள்.

"செத்துப் போயிட்டேன்னு நெனச்சேம்ப்பா."

"நானுந்தான் சுருளி."